லைசன்ஸ் காசையும் சந்தாவையும் கணக்கில் சேர்க்கத் தெரிந்த ஒரு ஹட்டன் அலுவலகம்

ஹட்டனில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர்களுக்கும் லொறிக்காரர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பித்து, சங்கத்துக்குச் சந்தா கட்டி, தனியாளாகத் தொழில் நடத்துகிறவன் கொண்டுவரும் பற்றுச்சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வரிவரியாகப் படித்துப் பார்க்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பெயர் போட வேண்டாம் என்று இதை நடத்தும் மிஸ் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே வரும் கூட்டமே தாங்கவில்லையாம். பிரதான வீதியில் துணிக்கடைக்கும் ஃபார்மசிக்கும் நடுவே செங்குத்தாக ஒரு படிக்கட்டு ஏறும். அதன் உச்சியில் இரண்டு அறை. ஃபார்மசியில் "மேல்மாடி கணக்கு மிஸ்" என்று கேட்டாலே கையைக் காட்டுவார்கள்.

நான் நில அளவையாளன். ஊரில் சேவயர் என்றால்தான் தெரியும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் காணி அளக்கிறேன். ஏழு பேர்ச் வீட்டுக் காணியும் வரும், அண்ணன் தம்பிகள் முறைத்துக்கொண்டு நிற்கும் பங்கு வழக்குக் காணியும் வரும். இந்தத் தொழிலில் லைசன்ஸ் என்பது சுவரில் மாட்டி வைக்கும் அலங்காரம் கிடையாது. 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க அளவைச் சட்டப்படி, பதிவு பெற்றவர்கூட நில அளவைச் சபையின் வருடாந்தத் தொழில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் காணி அளந்து வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. அந்தக் கட்டணம் கட்டினால்தான் அந்த வருடத்துக்குப் பிழைப்பு. அதோடு தொழில்சார் சங்கத்தின் சந்தா, கருத்தரங்குக் கட்டணம், கருவியைச் சரிபார்க்கும் செலவு, வரைபட மென்பொருளின் ஆண்டுச் சந்தா. ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் வந்துகொண்டே இருக்கும்.

முன்பு வேறோர் ஊரில் ஒருவரிடம் கொடுத்துவந்தேன். இவை எல்லாவற்றையும் கூட்டி "இதர செலவுகள்" என்று ஒரே வரியில் போட்டு முடித்துவிடுவார். அந்த ஒரு வரி வாகன எரிபொருளைவிடப் பெரிதாக வீங்கி நின்ற வருடமும் உண்டு. என்ன செலவு என்று யாராவது விளக்கம் கேட்டால் பிரித்துச் சொல்ல அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. கேட்டால், "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க, சேர்" என்பார். அந்தப் பேச்சு பிடிக்காமல்தான் இந்தப் படிக்கட்டு ஏறினேன்.

மிஸ் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல ஒரு பற்றுச்சீட்டு போதும். சங்கத்திலிருந்து வந்த சீட்டு அது. மொத்தத் தொகை ஒன்று, உள்ளே நான்கு வரி. வருடாந்தச் சந்தா, ஒருநாள் கருத்தரங்கு, வருடாந்த இராப்போசனம் இரண்டு பேருக்கு, நலன்புரி நிதி. சீட்டின் மேல் அடிமட்டத்தை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். சந்தாவுக்கும் கருத்தரங்குக்கும் பென்சிலால் சரி போட்டார். இராப்போசனத்தில் அடிமட்டம் நின்றது.

"ரெண்டாவது ஆள் யாரு, சேர்?"

"வீட்டுக்காரம்மா."

"அவங்க காணி அளக்கிறாங்களா?"

பக்கத்து மேசைத் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கணணியைப் பார்த்தான். என் பங்குச் சாப்பாடும் விருந்துச் செலவுதான், அதற்கும் வரிக் கழிவு கிடையாது என்று சொல்லி இரண்டையும் அடித்தார். நலன்புரி நிதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த நிதி எதற்கு என்று கேட்டார். உறுப்பினர் குடும்பத்தில் மரணம், நோய் என்றால் உதவுவார்கள் என்றேன். "அப்ப அது உங்க குடும்பத்துக்குப் பாதுகாப்பு. தொழிலுக்கு இல்ல" என்று அதையும் வெளியே எடுத்துவிட்டார். ஒரே சீட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே. அந்தச் சீட்டைப் பிரதி எடுத்து, ஏற்றுக்கொண்ட இரண்டு வரியை மட்டும் வட்டமிட்டு, கூட்டுத்தொகையை ஓரத்தில் எழுதி, கோப்பில் குத்தி வைத்தார். நாளைக்கு யார் கேட்டாலும் அந்த ஒரு தாளை நீட்டினால் போதும்.

இதற்கு அடிப்படை என்ன என்று கேட்டேன். பெரும்பாலான கணக்காளர்கள் இந்த இடத்தில் "அது சட்டம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இவர் சட்டத்தையே விளக்கினார். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 2018 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதில் லைசன்ஸ் கட்டணம், சங்கச் சந்தா என்று தனியாகப் பட்டியல் எதுவும் இல்லையாம். 11 ஆம் பிரிவு ஒரே ஒரு பொது விதியைத்தான் சொல்கிறது. தொழிலில் வருமானம் உழைப்பதற்காகச் செய்த செலவு என்றால், அதற்காகச் செய்த அளவுக்குக் கழிக்கலாம். மூலதனத் தன்மையான செலவு என்றால் அப்படிக் கழிக்க முடியாது. 12 மாதத்துக்கு மேல் பயன் தரும் செலவு மூலதனத் தன்மையானது. 10 ஆம் பிரிவு சொந்தச் செலவு, வீட்டுச் செலவு, தண்டப்பணம் போன்றவற்றை வெளியே தள்ளுகிறது. ஆகவே ஒவ்வொரு சீட்டையும் பிடித்து இரண்டே கேள்விதான் கேட்கிறார். இது தொழிலுக்கா, உங்களுக்கா? இந்தக் காசு எத்தனை மாதத்துக்கு வேலை செய்யும்?

வருடாந்த அனுமதிப்பத்திரம் இரண்டிலும் இலகுவாகத் தேறிவிடுகிறது. அது இல்லாமல் தொழில் இல்லை, பயனும் ஒரு வருடத்தோடு முடிகிறது. வருடச் சந்தாவும் அப்படியே.

சிக்கல் ஆயுட்காலச் சந்தாவில்தான். வருடா வருடம் கட்டும் தொல்லை வேண்டாம் என்று பலர் ஒரே தடவையில் பெரிய தொகை கட்டி ஆயுள் உறுப்பினர் ஆகிவிடுகிறார்கள். அதை அந்த வருடச் செலவில் முழுதாகப் போட்டுவிடலாம் என்பதுதான் நம்மில் பலரின் எண்ணம். பயன் 12 மாதத்தைத் தாண்டிப் போகிறதே, அப்புறம் எப்படி வருடச் செலவாகும்? மிஸ் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஆயுட்காலச் சந்தா கட்டும் யோசனையில் நானும் இருந்தேன். "கட்டுங்க சேர், சங்கத்துக்கு நல்லது. வரிக்காகக் கட்டாதீங்க" என்றார். இப்போதும் வருடா வருடம்தான் கட்டுகிறேன்.

தொழிலுக்குள் முதன்முதலாக நுழைய ஆகும் செலவையும் அவர் வேறாகவே பார்க்கிறார். பட்டப்படிப்பு, தகுதிப் பரீட்சை, முதல் பதிவு எல்லாம் தொழில் தொடங்குவதற்கு முந்தியவை. அவற்றின் பயனும் ஆயுள் முழுக்க நீள்கிறது. என் அலுவலகத்தில் பயிற்சிக்கு இருக்கும் பையன் நாளைக்குத் தனியாகத் தொழில் தொடங்கியதும் அந்தப் பழைய சீட்டுகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தால், அவற்றைக் கழிவில் ஏற்ற மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். பையனுக்கு முகம் சுருங்கிப்போனது.

கீழே ஃபார்மசி நடத்தும் அண்ணனும் இவரிடம்தான் கணக்குக் கொடுக்கிறார். அவருக்கு என்னைவிட லைசன்ஸ் அதிகம். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு ஒன்று, நகர சபைக்கு வியாபார அனுமதி ஒன்று. இரண்டும் வருடாந்தம், இரண்டும் கழிவு. அவர் ஊர்க் கோயில் பரிபாலன சபைக்குக் கட்டும் சந்தாவைத்தான் மிஸ் ஏற்கவில்லை. "கோயில் சபையில இருக்கிறதாலதான் ஆக்கள் என் கடைக்கு வாறாங்க" என்று அவர் வாதாடியதைப் படிக்கட்டில் நின்று நானே கேட்டேன். மிஸ் மசியவில்லை.

இந்தச் சலுகை எல்லாருக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. என்னோடு படித்த நண்பர் ஒருவர் கம்பனியில் மாதச் சம்பளத்துக்குப் பொறியியலாளராக இருக்கிறார். அவரும் சங்கச் சந்தா கட்டுகிறார், என்னைவிட அதிகமாகவே. சம்பளத்தில் மாதாமாதம் ஏபிஐடி என்ற வருமான வரியை வெட்டுகிறார்களே, அதில் இந்தச் சந்தாவுக்காக ஒரு சதமும் குறைக்க முடியாது. இந்தச் சட்டத்தில் ஊழிய வருமானத்துக்கு எதிராகச் செலவு கழிக்க இடமே இல்லை. பதவி ஒன்றாக இருந்தாலும் சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு, சொந்தத் தொழில்காரருக்கு இன்னொரு கணக்கு. அவர் கேட்டுவிட்டு, "அப்ப உனக்குக் கொழுத்த ஆதாயம்" என்றார். அவ்வளவு கொழுப்பும் இல்லை, வாருங்கள் கணக்குப் பார்ப்போம்.

2025/26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத வருமானம், 18 இலட்சம் ரூபா. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்து வரும் மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம், மிச்சத்துக்கு 36. ஒருவருக்குச் செலவெல்லாம் போக 30 இலட்சம் நிற்கிறது என்று வையுங்கள். நிவாரணம் போக 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மீதி 2 இலட்சத்துக்கு 36,000, ஆக வரி 96,000 ரூபா. இவர் லைசன்ஸ், சந்தா, கருத்தரங்கு என்று 50,000 ரூபாவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்து இப்போது சேர்த்தால், வரி 9,000 ரூபா குறையும். வருமானம் குறைந்து 6 சதவீதப் படியில் நிற்பவருக்கு வெறும் 3,000. 36 சதவீதத்தில் நிற்பவருக்கு 18,000. வரிக்குரிய வருமானமே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. "ஐம்பதாயிரம் கழிச்சா ஐம்பதாயிரம் மிச்சம்" என்று பஸ்ஸில் கதைப்பவர்களை நம்பாதீர்கள்.

எனக்கு அந்த 9,000 முக்கியந்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் இந்த அலுவலகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. என் கணக்கில் இப்போது "இதர செலவுகள்" என்ற வரி மிகவும் சுருங்கிவிட்டது. மற்றதெல்லாம் அதனதன் பெயரில் நிற்கிறது. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், செக்ரோல் என்ற தொழிலாளர் பெயரேட்டில் ஒரு பெயர் இடம் மாறினால் இரவு தூங்க மாட்டார். அந்த இரத்தம் எனக்கும் ஓடுகிறது போலும்.

பெரிய கருவிகளில் மிஸ் இன்னும் கறார். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வாங்கினால் அந்த வருடமே முழுச் செலவு போட விடமாட்டார். ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து மூலதனப் படியாகத்தான் எடுப்பார். 12 இலட்சத்துக்கு வாங்கினால் வருடத்துக்கு 2,40,000. அதைச் சரிபார்த்து வாங்கும் கட்டணம் அந்தந்த வருடச் செலவு. ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் வருடச் சந்தா வருடச் செலவு. மூன்று வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினால் விலையில் தள்ளுபடி கிடைக்கும் என்று கடன் அட்டையைத் தேய்த்துவிடாதீர்கள், அதே 12 மாதக் கேள்வி அங்கேயும் வந்து நிற்கும். மென்பொருளுக்கு டொலரில் கட்டும்போது மின்னஞ்சலில் வரும் பட்டியலோடு வங்கிக் கூற்றின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கேட்பார், ரூபாவில் உண்மையாக எவ்வளவு போனது என்று பார்க்க.

வாகனத்துக்கு வந்தால் எங்கள் இருவருக்கும் வருடா வருடம் ஒரு சின்னச் சண்டை. டபுள் கெப் ஒன்று வைத்திருக்கிறேன். கிழமை நாளில் காணிக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகும். அதன் வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி எல்லாவற்றிலும் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டுமே ஏற்கிறார். அதற்கும் ஓட்டக் குறிப்புப் புத்தகம் வேண்டும். மழையில் நனைந்து, அட்டை கடித்து, தேயிலைச் செடிக்குள் இருந்து ஏறி வந்தவனுக்குக் கிலோமீற்றர் எழுதும் பொறுமை எங்கிருந்து வரும்? இந்த இடத்தில் மிஸ் கொஞ்சம் அதிகமாகவே கசக்கிப் பிழிகிறார் என்பது என் கருத்து. பொலிஸ் எழுதும் தண்டச் சீட்டைக் காட்டவே காட்டாதீர்கள். வேலைக்குப் போகும் வழியில் மாட்டினாலும் தண்டம் தண்டம்தான்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். படிக்கட்டு மிகவும் மோசம். வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் கீழே ஃபார்மசியில் உட்கார்ந்துகொண்டு தம்பியை இறங்கி வரச் சொல்ல வேண்டியதுதான், அவனும் முகம் கோணாமல் வருவான். நவம்பரில் தொலைபேசி எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் குரல் பதிவாக வரும், அதுவும் நீளமாக. ஒரு தொகையைத் தேட அதை முழுக்கத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்குத் தாளின் பிரதியைத் தாங்களாகத் தருவதில்லை, கேட்டால்தான் தருகிறார்கள். இதை மாற்றலாம். அட்டையில் பணம் வாங்குவதில்லை. கட்டணமும் மலிவு என்று சொல்ல முடியாது. என்னிடம் 20,000 ரூபா வாங்கினார்கள், பழைய ஆள் வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு.

மொழிக்காகவே இங்கு வருபவர்களும் உண்டு. வங்கிச் சீட்டு ஆங்கிலத்தில், பிரதேச செயலகச் சீட்டு சிங்களத்தில் இருக்கும். மிஸ் மூன்று மொழியிலும் படித்து, தமிழில் விளக்கி, கையெழுத்து வாங்குமுன் வருமான வரி விவரத்திரட்டின் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தொட்டுக் காட்டுகிறார். புரியாமல் கையெழுத்துப் போட விடுவதில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரையைக் குறைத்தது படிக்கட்டுக்கும் குரல் பதிவுக்கும்.

போகிறவர்கள் கவனிக்க: விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. அதை நம்பி நவம்பரில் போகாதீர்கள். மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. ஜூன், ஜூலையில் போனால் உட்கார நாற்காலி கிடைக்கும், மிஸ்ஸும் ஆறுதலாகப் பேசுவார். ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று வரும் தவணைகளுக்கு மதிப்பிட்ட தொகையையும் அப்போதே போட்டுத் தந்துவிடுவார். மீதி வரியைச் செப்டெம்பர் 30 க்குள் கட்ட வேண்டும், அதற்கும் நேரம் இருக்கும். கம்பனிகளுக்கு வேலை செய்பவர்கள், மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வந்த கொடுப்பனவில் 5 சதவீதம் பிடித்திருந்தால், அந்தச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோங்கள். அது உங்கள் காசு, வரியில் கழியும்.

சீட்டுகளைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. வெப்பத் தாளில் அடித்த சீட்டுகள் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே வெளிறிவிடுகின்றன. ஐந்து வருடம் வைத்திருக்கச் சொல்கிறார் மிஸ், ஆனால் இரண்டாம் வருடமே வெள்ளைத் தாளாகிவிட்டால் என்ன செய்வது? வாங்கிய அன்றே படம் எடுத்து, எதற்கான கட்டணம், எந்த வருடத்துக்கு என்று பின்புறம் பென்சிலால் எழுதிவிடுங்கள். வங்கியில் கட்டிய லைசன்ஸ் பணத்துக்கு வைப்புச் சீட்டு மட்டும் போதாது, சபை அனுப்பும் பற்றுச்சீட்டையும் கேட்பார். பிரதி எடுக்கும் கடை படிக்கட்டுக்கு எதிரே இருக்கிறது, பக்கத்துக்கு 10 ரூபா. வாகனத்தை வீதியில் விடாதீர்கள், மார்கழிப் பௌர்ணமிப் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை பஸ்கள் நெருக்கும். ஞாயிறும் போயாவும் பூட்டு, சனி ஒரு மணி வரைதான்.